முன்னோடி யார்?

தோழா!

இராசபாளையத்தில் புறப்பட்டு, திருவில்லிபுத்தூரைக் கடந்து, மேற்கு மலையின் அடிவாரத்தை ஒட்டியிருக்கும் கான்சாபுரம் வரையில் சென்று பார். வழிநெடுக ஒரு சொல் உன்னை வரவேற்கும். சுவரிலே அது, தட்டியிலே அது, பதாகையிலே அது. திருமண விழாவா? மணமக்களை வாழ்த்த வருபவர் பெயருக்கு முன்னே அந்தச் சொல். காதணி விழாவா? அங்கும் அதே சொல். பிறந்த நாள் விழாவா? அங்கே அதற்கு ஆளுயர எழுத்து! கூட்டத்திற்கு வருகை தரும் தலைவர் 'முன்னோடி'. அவரை அழைத்து வருபவர் 'முன்னோடி'. ஒலிபெருக்கிக்குப் பொருளுதவி செய்தவரும் 'முன்னோடி'!

எல்லாரும் முன்னே ஓடுகிறார்கள் என்றால், பின்னே வருகிறவர் யார், தோழா? பின்னே ஒருவரும் இல்லாதபோது முன் ஏது?

"பெயருக்கு முன்னே ஓர் அடைமொழி போட்டால் குடி முழுகிவிடுமா? இதற்கொரு கட்டுரையா?" என்று நீ கேட்கக்கூடும். கேள். கேட்பதற்குத்தானே ஞாயிற்றுக்கிழமையும் இந்தப் பக்கமும் இருக்கின்றன! நம்மிடம் பணப்பெட்டி பெரிதில்லாத காலத்திலே, நம் கையிலிருந்த கருவி சொல் ஒன்றுதான். சொல்லைக் கொண்டுதான் சோம்பிக் கிடந்தவனைத் தட்டி எழுப்பினோம். சொல்லைக் கொண்டுதான் குனிந்து நின்றவனை நிமிரச் செய்தோம். அந்தக் கருவி மழுங்கிப்போனால் நாளை எதைக்கொண்டு வேலை செய்வோம்? உழவன் கலப்பையின் கொழுவைத் தேய விடுவதில்லை. நாம் மட்டும் சொல்லைத் தேய விடலாமா?

ஆகவே அந்த ஒரு சொல்லை எடுத்துவைத்துக்கொண்டு அதன் எடை என்ன, மாற்று என்ன என்று பார்ப்போம், வா.

நான் கல்லூரிப் படிப்பை முழுதும் முடித்தவன் அல்லன். இலக்கணப் புலமை கொண்டாடுபவனும் அல்லன். ஆனாலும் இந்தச் சொல்லைப் பிரித்துப் பார்க்கப் பெரும் புலமை வேண்டியதில்லை. முன் என்பது ஒரு சொல். ஓடி என்பது மற்றொரு சொல். இரண்டும் சேரும்போது இடையிலே ஒற்று இரட்டித்தது, முன்னோடி ஆயிற்று. நாடு நாடாக ஓடுபவன் நாடோடி. முன்னே ஓடுபவன் முன்னோடி. அவ்வளவுதான்.

இந்தச் சொல்லுக்குள்ளே எங்கேயாவது பெருமை இருக்கிறதா, பார். மகுடம் இருக்கிறதா? மாலை இருக்கிறதா? மேடை இருக்கிறதா? இல்லை. ஓட்டம் மட்டுமே இருக்கிறது! தலைவன் என்பது பதவியைக் குறிக்கும். முதல்வன் என்பது வரிசையைக் குறிக்கும். முன்னோர் என்பது காலத்தைக் குறிக்கும். முன்னோடி என்பதோ வேலையைக் குறிக்கிற சொல். கால் வலிக்கும் வேலை. மூச்சு இரைக்கும் வேலை.

அந்தக் காலத்திலே அரசர் பல்லக்கில் வருவார். பல்லக்கின் முன்னே ஆட்கள் ஓடுவார்கள். "வருகிறார், வருகிறார்" என்று அறிவிப்பார்கள். பாதையில் கிடக்கும் முள்ளை அகற்றுவார்கள். பள்ளம் இருந்தால் எச்சரிப்பார்கள். இப்போது சொல், தோழா: அங்கே முன்னோடி யார்? பல்லக்கிலே சாய்ந்திருந்தவரா? வெயிலிலே ஓடியவரா?

நாடக மேடையிலே நின்று பழகியவன் நான். எனவே எனக்குத் தெருக்கூத்து நினைவுக்கு வருகிறது. அங்கே இராசா முதலில் வருவதில்லை. கட்டியக்காரன்தான் முதலில் வருவான். சபைக்கு வணக்கம் சொல்வான், கதையை எடுத்துச் சொல்வான், சிரிக்க வைப்பான், கலைந்து கிடக்கும் கூட்டத்தை ஒரு முகப்படுத்துவான். அதன் பிறகே திரைக்குப் பின்னாலிருந்து கிரீடம் மின்ன இராசா வருவார். கைதட்டல் இராசாவுக்கு; ஆனால் கட்டியக்காரன் இல்லையென்றால் இராசா வருவதற்கு அவையே இல்லை! கூத்தின் முன்னோடி அவன்தான். விடிந்ததும் அவன் பெயரைக் கேட்பார் இல்லை.

நம் தென்பாண்டிச் சீமையின் சிற்றூர்க் கோயில்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. கடவுட் கொள்கையில் உனக்கும் எனக்கும் என்ன கருத்து இருந்தாலும் இருக்கட்டும். சொல்லாராய்ச்சிக்கு அது தடையில்லை. 'முன்னோடி' என்ற அடைமொழியோடு கருப்பசாமி நிற்கும் கோயில்கள் இந்தப் பகுதியிலே உண்டு. மூலத் தெய்வத்துக்கு முன்னே, வெட்டவெளியில், வெயிலிலும் மழையிலும் காவல் நிற்பவருக்கே அந்தப் பெயர். உள்ளே விளக்கொளியில் வீற்றிருப்பவருக்கு அன்று. நம் மக்கள் எவ்வளவு கணக்காகச் சொல்லைப் பயன்படுத்தியிருக்கிறார்கள் பார்த்தாயா!

இதைவிடச் சிறந்த ஒரு சொல் கரிசல் காட்டு உழவனிடம் இருக்கிறது. முன்னத்தி ஏர்! பல ஏர்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பூட்டி உழும்போது முதலில் செல்லும் ஏர் அது. அந்த ஏர் எங்கே திரும்புகிறதோ அங்கேதான் மற்ற ஏர்களும் திரும்பும். 'முன் ஏர் போன வழியே பின் ஏர்' என்பது பழமொழி. ஆகவே முன்னத்தி ஏரைக் கண்டவன் கையிலே கொடுக்கமாட்டார்கள். மாடு பழகியிருக்க வேண்டும். மனிதனுக்குக் கண்ணும் கையும் ஒத்துழைக்க வேண்டும். முதற்சால் கோணினால் நிலம் முழுதும் கோணும். இன்று டிராக்டர் வந்துவிட்டது. ஏர் பூட்டிய வரிசையைக் காண்பது அரிதாகிவிட்டது. ஆனாலும் சொல் உயிரோடிருக்கிறது.

அந்தச் சொல்லை ஏடேறச் செய்த கரிசல் எழுத்தாளர்களில் தலையாயவர் இடைசெவல் ஊரைச் சேர்ந்த கி. ராஜநாராயணன். பள்ளிப் படிப்பையே முழுதும் முடிக்காத அவர், உழவரும் ஆயரும் குடும்பப் பெண்களும் பேசிய சொற்களைத் திரட்டிக் கரிசல் வட்டாரத்துக்கு ஓர் அகராதியே செய்தார். அது 1982இல் வெளிவந்தது. ஒரு தனி எழுத்தாளர், ஒரு வட்டாரத்துக்காகச் செய்த வேலை. அதைப் பார்த்த பிறகு கொங்கு நாட்டுக்குப் பெருமாள்முருகன் செய்தார். நடுநாட்டுக்குக் கண்மணி குணசேகரன் செய்தார். முதற்சால் ஓடியது, பின்னேர்கள் தொடர்ந்தன. அவரைத் தமிழ் இலக்கிய உலகம் 'முன்னத்தி ஏர்' என்று அழைத்ததே, அது பதாகைச் சொல் அன்று. கணக்குப் பார்த்துக் கொடுத்த சொல்!

இப்போது நமக்கு ஓர் அளவுகோல் கிடைத்துவிட்டது. முன்னோடி என்று ஒருவரைச் சொல்ல வேண்டுமானால் மூன்று இருக்க வேண்டும். ஒன்று, அவர் போன வழி அதற்கு முன் வழியாக இருந்திருக்கக் கூடாது. இரண்டு, அந்த வழியிலிருந்த முள் அவர் காலிலே தைத்திருக்க வேண்டும். மூன்று, அவருக்குப் பின்னே மக்கள் நடந்திருக்க வேண்டும். அன்றே இல்லாவிட்டாலும் ஐம்பது ஆண்டு கழித்தேனும் நடந்திருக்க வேண்டும்.

முதலாவது மட்டும் இருந்தால் அது புதுமை. "இந்தியாவிலேயே முதன்முறையாக" என்று விளம்பரம் செய்கிறார்களே, அது புதுமை. புதுமை நல்லது, ஆனால் புதுமை எல்லாம் முன்னோடி ஆகாது. வாணவேடிக்கை கூடப் புதுமைதான்; அது எரிந்து முடிந்தபின் வழி ஏதாவது மிஞ்சுகிறதா? இரண்டாவது மட்டும் இருந்தால் அது துன்பம். மூன்றாவது மட்டும் இருந்தால் அது கூட்டம். மூன்றும் கூடிய இடத்தில்தான் முன்னோடி பிறக்கிறான்.

அரசு அலுவலகங்களிலும் இந்தச் சொல் புழங்குகிறது. மாவட்டத்துக்கு ஒரு 'முன்னோடி வங்கி' இருக்கிறது. 1969இன் இறுதியில் வகுக்கப்பட்ட ஏற்பாட்டின்படி, ஒரு மாவட்டத்தில் வங்கிகள் செய்ய வேண்டிய கடனுதவிப் பணிகளை ஒருங்கிணைக்கும் பொறுப்பு ஒரு வங்கிக்குத் தரப்பட்டது; அதுவே முன்னோடி வங்கி. பொறுப்பைக் குறிக்கும் பெயர் அது. 'முன்னோடித் திட்டம்' என்கிறார்கள்: ஒரு திட்டத்தை மாநிலமெங்கும் பரப்புவதற்கு முன்னே சில ஊர்களில் செய்து பார்ப்பது, குறை தெரிந்தால் திருத்திக்கொள்வது. அங்கேயும் முன்னோடி என்றால் 'சோதனைக்கு ஆட்படுவது' என்றே பொருள். 'முன்னோடி விவசாயி' என்கிறார்கள்: புதிய விதையைத் தன் நிலத்தில் முதலில் போட்டுப் பார்ப்பவர். விளைந்தால் ஊரே அவர் வரப்பில் வந்து நிற்கும். விளையாவிட்டால்? நட்டம் அவருக்கு மட்டுமே! கோப்பிலே எழுதும் எழுத்தர் கூடச் சொல்லின் எடையறிந்து எழுதுகிறார். மேடையிலே பேசும் நாமும் சுவரிலே எழுதும் நாமும் எடை பாராமல் இறைக்கிறோமே, இது தகுமா?

தோழா, அளவுகோல் கைக்கு வந்தபின் அதை வைத்து அளந்து பார்க்க வேண்டாமா? தொலைவுக்குப் போகவேண்டாம். கான்சாபுரத்திலேயே தொடங்குவோம்.

அந்த ஊர்ப்பெயரிலே ஒரு மனிதன் இருக்கிறான். கான்சாகிபு என்பது மக்கள் நாவில் 'கான்சா' ஆயிற்று. அந்தக் கான்சாகிபு யூசுப்கான். மருதநாயகம் என்றும் அறியப்பட்டவன். சாதாரணச் சிப்பாயாகக் கிழக்கிந்தியக் கும்பினியின் படையிலே சேர்ந்து, சுதேசிச் சிப்பாய்களின் தளபதியாக உயர்ந்து, மதுரைச் சீமையின் ஆட்சிப் பொறுப்பையே கையில் ஏந்தியவன். கண்மாய்களையும் கால்வாய்களையும் பழுது பார்த்தவன், நெசவாளருக்கு ஆதரவு தந்தவன், கொள்ளையை ஒடுக்கியவன் என்று வரலாறு அவனுக்கு நற்சான்று தருகிறது. இறுதியில் கும்பினியையும் ஆர்க்காட்டு நவாபையும் எதிர்த்து நின்றான். 1763இலும் 1764இலும் மதுரைக் கோட்டையை முற்றுகையிட்ட படையால் அவனை வெல்ல முடியவில்லை. உடனிருந்தவர்களின் துரோகம் வென்றது. 1764 அக்டோபர் 15ஆம் நாள் மதுரையில் தூக்கிலிட்டார்கள்.

அவன் முன்னோடியா?

"ஆம்!" என்று உன் நெஞ்சு துள்ளும். பொறு, தோழா. வரலாற்றின் மறுபக்கத்தையும் புரட்டு. 1755இலேயே கும்பினிக்குக் கப்பம் கட்ட மறுத்துக் கிளர்ந்தவன் நெற்கட்டும்செவல் பூலித்தேவன். அவன் கோட்டை இராசபாளையத்துக்குத் தெற்கே, நெடுந்தொலைவில் இல்லை. அந்தப் பூலித்தேவனின் கோட்டைகளை 1761இல் கும்பினிக்காக வீழ்த்தியவன் யார்? இதே யூசுப்கான்! முன்னே ஓடியவனை வீழ்த்திவிட்டு, இரண்டாண்டு கழித்து அதே திசையிலே தான் ஓடியவன். அவன் வீரன்; அதில் ஐயமில்லை. ஆற்றல் மிக்க ஆட்சியாளன், அதிலும் ஐயமில்லை. சாவைக் கண்டு அஞ்சாதவன், அதிலும் ஐயமில்லை. ஆனால் வெள்ளையனை எதிர்த்த முன்னோடி என்ற சொல்லை அவனுக்குக் கொடுக்கும்போது பூலித்தேவனின் இடிந்த கோட்டைச் சுவர் நம்மைப் பார்த்துக் கேள்வி கேட்கும்.

ஊர் மக்கள் என்ன செய்தார்கள், கவனி. தங்கள் ஊருக்கு அவன் பெயரை வைத்தார்கள். வெறும் பெயரை! அடைமொழி இல்லை, பட்டம் இல்லை, பெயர் மட்டும். இரண்டரை நூற்றாண்டுக்கு மேலாக அது நிற்கிறது. ஒரு மழைக்குத் தாங்காத பதாகையிலே ஒன்பது அடைமொழி போடுகிறோமே, நாம் கற்றுக்கொள்ள வேண்டியதை அந்தச் சிற்றூர் அமைதியாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

இனிக் கிழக்கே திரும்பு. அதே விருதுநகர் மாவட்டத்திலே, அருப்புக்கோட்டைக்கு அருகே, சுக்கிலநத்தம் என்றொரு சிற்றூர். 1928இல் அங்கே ஒரு திருமணம் நடந்தது. புரோகிதர் இல்லை, புரியாத மந்திரம் இல்லை, தீ வளர்க்கவில்லை. பெரியார் முன்னிலையில், ஒருவரையொருவர் வாழ்க்கைத் துணையாக ஏற்றார்கள். முதல் சுயமரியாதைத் திருமணம் என்று வரலாறு அதைக் குறித்து வைத்திருக்கிறது.

அன்று அது விழா அன்று, தோழா, அது துணிவு! மணமேடையில் அமர்ந்த அந்த இளம்பெண்ணை நினைத்துப் பார். "இது கலியாணமா?" என்று உறவு கேட்டிருக்கும், "பிறக்கிற குழந்தைக்கு என்ன பெயர்?" என்று ஊர் கேட்டிருக்கும். ஊர் கேட்டது போதாதென்று பின்னாளில் சட்டமும் கேட்டது. 1953இல் சென்னை உயர்நீதிமன்றம், சடங்கின்றி நடந்த இத்தகைய திருமணம் செல்லாது என்று தீர்ப்புரைத்தது. அப்படியானால் அந்த மனைவியர் மனைவியர் அல்லரா? அந்தக் குழந்தைகளுக்குச் சொத்திலே உரிமை இல்லையா? வாழ்ந்த வாழ்வையே ஒரு வரியிலே அழித்த தீர்ப்பு அது. ஆனாலும் நின்றார்களா? நின்றார்கள்! மேலும் மேலும் ஆயிரமாயிரம் பேர் அதே முறையில் மணந்துகொண்டார்களா? மணந்துகொண்டார்கள்!

1967இல் அண்ணா முதலமைச்சராக இருந்தபோது, சுயமரியாதைத் திருமணத்தைச் சட்டப்படி செல்லுபடியாக்கும் திருத்தம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. 1968 சனவரியில் நடைமுறைக்கு வந்தது. வருங்காலத் திருமணங்கள் மட்டுமல்ல, அதற்கு முன்னே நடந்தவையும் செல்லும் என்றது சட்டம். 1928இல் போட்ட முதற்சாலுக்கு 39 ஆண்டு கழித்துப் பட்டா கிடைத்தது! 2023இல் உச்சநீதிமன்றம், இந்த முறைத் திருமணத்துக்குப் பொது அறிவிப்போ பெருங்கூட்டமோ கட்டாயமில்லை என்று தெளிவுபடுத்தியது. காதலித்து, அஞ்சி, ஒளிந்து வாழும் இளையோருக்கு அந்தத் தீர்ப்பு இன்று அரண். 2023இல் அந்த அரணுக்குள் நுழைபவர்களுக்குச் சுக்கிலநத்தம் என்ற ஊரின் பெயர் தெரியுமோ, தெரியாதோ! ஆனால் வழி போட்டவர்கள் அவர்கள்தான்.

தலைவர் வழி காட்டினார், உண்மை. சட்டம் இயற்றியவர் வழியைக் கல் பாவிச் செப்பனிட்டார்; அதுவும் உண்மை. ஆனால் அந்த வழியிலே முதலில் கால் வைத்து முள் தைத்துக்கொண்ட இணையர், அவர்கள்தாம் முன்னோடிகள்.

அடுத்து விருதுநகர். 1956 சூலை 27ஆம் நாள், அறுபது வயதைக் கடந்த ஒரு பெரியவர் உண்ணாநோன்பு தொடங்கினார். சங்கரலிங்கனார் என்பது அவர் பெயர். காந்திய நெறியிலே ஊறியவர், காங்கிரசுக்காரர். அவர் வைத்த கோரிக்கைகளுள் தலையாயது: இந்த மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயரிடுக! ஆட்சியில் இருந்தது அவர் பெரிதும் நேசித்த கட்சி. முதலமைச்சராக இருந்தவர் அதே விருதுநகர் பெற்ற காமராசர். தன் சொந்தக் கட்சியின் ஆட்சியை நோக்கி, தன் உடலையே கோரிக்கை மனுவாக வைத்தார் அந்த முதியவர். நாட்கள் வாரங்கள் ஆயின. வாரங்கள் மாதங்கள் ஆயின. 1956 அக்டோபர் 13ஆம் நாள் அவர் உயிர் பிரிந்தது. மூன்று வாரங்கூடக் கழியவில்லை; நவம்பர் 1ஆம் நாள் மொழிவழி மாநிலங்கள் பிறந்தன. ஆனால் நம் மாநிலத்தின் பெயர் சென்னை மாநிலமாகவே நின்றது.

1967 சூலை 18ஆம் நாள் பெயர் மாற்றத் தீர்மானம் சட்டமன்றத்தில் ஒருமனதாக நிறைவேறியது. 1969 சனவரி 14ஆம் நாள் 'தமிழ்நாடு' என்ற பெயர் நடைமுறைக்கு வந்தது. இன்று பள்ளிக் குழந்தை தன் ஏட்டின் மேல் 'தமிழ்நாடு' என்று எழுதுகிறது. அந்த ஐந்தெழுத்துக்கு ஒருவர் தம் உயிரை ஈந்திருக்கிறார்.

அவர் எந்தக் கட்சி என்று கேட்கிறாயா? கேட்காதே, தோழா! முன்னோடியைக் கட்சிக் கொடியின் நிறம் பார்த்துத் தேர்ந்தெடுப்பவன், வழியைப் பார்ப்பவன் அல்லன், வாசலைப் பார்ப்பவன். சங்கரலிங்கனார் தன் கட்சியின் வாசலிலேயே நின்று எதிர்க் குரல் எழுப்பினார். கூட்டத்தோடு சேர்ந்து ஓடுவது எளிது. தன் கூட்டத்துக்கே முன்னால் ஓடுவதுதான் அரிது.

இதிலே இன்னும் ஓர் உண்மை இருக்கிறது. அதை மனம் சுருங்காமல் கேட்க வேண்டும். பள்ளிப் பிள்ளைகளுக்குச் சோறு போடும் திட்டத்துக்கு முன்னோடி யார் என்று மேடைக்கு மேடை வழக்கு நடக்கிறது. ஒவ்வொரு கட்சியும் தன் தலைவர் படத்தைத் தூக்கிப் பிடிக்கிறது. கணக்கைப் பார்ப்போம்.

1920இல் நீதிக்கட்சியின் பிட்டி தியாகராயர் சென்னை மாநகராட்சியின் தலைவராக இருந்தபோது, ஆயிரம் விளக்குப் பள்ளியிலே ஏழைப் பிள்ளைகளுக்கு நண்பகல் உணவு தரத் தீர்மானம் ஆயிற்று. ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மேற்படாத செலவு! பிறகு வேறு சில மாநகராட்சிப் பள்ளிகளுக்கும் அது விரிந்தது. கல்விக்கான பணத்தை உணவுக்குச் செலவிடக் கூடாது என்று ஆங்கில அரசு மறுக்க, சில ஆண்டுகளில் நின்றது. 1956இல் காமராசர் ஆட்சியில், கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலுவின் உழைப்போடு, பொதுமக்களின் நன்கொடையையும் திரட்டி, ஊர்ப்புறப் பள்ளிகளிலே மதிய உணவு தொடங்கிற்று. 1982 சூலை 1ஆம் நாள் எம்.ஜி.ஆர். ஆட்சியில் அது சத்துணவுத் திட்டமாகிப் பேருருவம் கொண்டது; பள்ளிக்கு ஒரு சமையற்கூடம், அதற்கென்று பணியாளர்கள் என்று அரசின் நிலையான கடமை ஆயிற்று. 1989இல் கலைஞர் ஆட்சியில் முட்டை சேர்ந்தது. 2001இல் உச்சநீதிமன்றம், நாடு முழுவதிலும் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் சமைத்த உணவு தரவேண்டுமென்று ஆணையிட்டது. 2022 செப்டம்பர் 15ஆம் நாள் மு.க. ஸ்டாலின் ஆட்சியில் மதுரையில் காலை உணவுத் திட்டம் தொடங்கிற்று.

ஒரு தட்டுச் சோற்றுக்கு நூறாண்டு வரலாறு! ஒன்றோடொன்று மோதிக்கொண்ட கட்சிகள், ஒரே வயலை உழுதிருக்கின்றன. இதிலே முன்னோடி யார்? முதற்சால் தியாகராயருடையது. அந்தச் சால் மண் மூடிப் போனபின் மீண்டும் ஏர் பிடித்தவர் காமராசர். சாலை அகலமாக்கியவர் ஒருவர்; ஆழமாக்கியவர் இன்னொருவர்; காலைக்கும் நீட்டியவர் மற்றொருவர். பின்னேர் ஓட்டியவர் என்று சொல்வது இழிவா? முன்னேர் மட்டும் உழுதால் ஒரு கோடுதான் கிடைக்கும், வயல் கிடைக்காது. பின்னேர்கள் வந்ததனால்தான் வயல் விளைந்தது; பிள்ளைகளின் வயிறு நிறைந்தது. நம் தலைவர் செய்ததை உரக்கச் சொல்லுவோம், உரிமையோடு சொல்லுவோம். ஆனால் பிறர் போட்ட சாலை மறைத்துவிட்டுச் சொல்ல வேண்டியதில்லை. மறைத்துச் சொன்னால், வரலாறு படித்த பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் எழுந்து நின்று கேட்பான். அப்போது நம் பதாகை நம்மைக் காப்பாற்றாது.

அது மட்டுமன்று. அந்தச் சமையற்கூடத்திலே அடுப்படியில் நிற்கும் பெண்ணை நினை. விடியற்காலையில் வந்து, புகையிலே கண் கலங்க, ஐம்பது பிள்ளைகளுக்கு உணவு ஆக்குகிறவள். அவளைத் தாழ்த்தப்பட்ட குலத்தவள் என்று காரணம் காட்டி, அவள் சமைத்ததைத் தங்கள் பிள்ளைகள் உண்ணக்கூடாது என்று தடுத்த ஊர்களும் இந்த நாட்டில் உண்டு. செய்தித்தாளில் படித்திருப்பாய். அப்படிப்பட்ட ஊரிலே மறுநாளும் வந்து அடுப்பு மூட்டுகிறாளே ஒருத்தி, அவள் முன்னே ஓடுகிறவள் அல்லவா? அவள் சமைத்த உணவை முதலில் தன் பிள்ளைக்கு ஊட்டிக் காட்டுகிறாரே ஓர் ஆசிரியர், அவர்? அவர்களுக்கு எந்தச் சுவரிலே இடம் வைத்திருக்கிறோம்?

"தொண்டன் ஆர்வத்தில் நாலு வார்த்தை கூட்டி எழுதுகிறான், அன்பின் மிகுதி அது. அதைப் போய்க் குற்றம் சொல்லலாமா?" என்று நம் தோழர்கள் சிலர் கூறுவர். அன்பைக் குற்றம் சொல்வார் யார்? சுவர் விளம்பரம் எழுத இரவெல்லாம் கண் விழிக்கும் தொண்டனின் அன்பு பெரிது. அந்த அன்பு இல்லையேல் இயக்கம் இல்லை. ஆனால் அந்தத் தொண்டனை ஒரு கேள்வி கேட்கிறேன். இரவிலே ஏணி சுமந்து, பசை வாளி தூக்கி, தலைவர் வருவதற்கு முன்னே ஊருக்கு வந்து, வழியெல்லாம் வரவேற்பு எழுதுகிறாயே, உன் தலைவருக்கு முன்னே ஓடுகிறவன் யார்? நீயல்லவா! முன்னோடி என்ற சொல் உன்னுடையதாயிற்றே! உன்னுடைய சொல்லையே எடுத்து, காரிலே வருகிறவருக்குச் சூட்டிவிட்டு, நீ பெயரில்லாமல் ஏணியடியிலே நிற்கிறாயே, இது என்ன கணக்கு?

இதனால் தலைவருக்கும் நன்மை இல்லை. 'நீர்தான் முன்னோடி' என்று நாள்தோறும் கேட்கும் காது, மெல்ல மெல்ல ஓடுவதை மறக்கும். பட்டம் கிடைத்தபின் ஓட்டம் எதற்கு? மாலை விழுந்த கழுத்து முன்னே பார்ப்பதில்லை, மாலையைத்தான் பார்க்கும். எல்லாரையும் முன்னோடி என்று அழைக்கும் இயக்கத்திலே முன்னே ஓட ஆள் இராது. எல்லாரும் வந்து சேர்ந்துவிட்டதாக எண்ணி உட்கார்ந்துவிடுவார்கள். இயக்கம் என்ற சொல்லுக்கே இயங்குவது என்றுதானே பொருள்? உட்கார்ந்த இயக்கம் ஏது?

ஓட வேண்டிய தொலைவு குறைவா, தோழா? இரட்டைக் குவளை வரலாறாகிவிட்டதென்று நெஞ்சில் கைவைத்துச் சொல்ல முடியுமா? சுடுகாட்டுக்குப் போகும் வழிகூடச் சாதிக்கொன்றாகக் கிடக்கும் ஊர்கள் இல்லையா? காதலித்த குற்றத்துக்காகப் பெற்ற மகளையே கொல்லும் கொடுமை ஓய்ந்துவிட்டதா? மலக்குழியில் மனிதன் இறங்கக் கூடாதென்று 2013இல் நாடாளுமன்றம் சட்டம் செய்த பின்னும் குழிக்குள் உயிர்கள் போவது நின்றதா? இந்த வழிகளிலே எல்லாம் முள் அப்படியே கிடக்கிறது. முதற்சால் ஓட்ட ஆள் தேவை. முன்னோடி என்ற இடம் காலியாக இருக்கிறது. பதாகையில் அன்று, மண்ணிலே!

ஆகவே ஒரு வேண்டுகோள். கட்டளை அன்று, கட்டளையிடும் தகுதி எனக்கு இல்லை. அடுத்த முறை தூரிகையை எடுத்து அந்தச் சொல்லை எழுதப்போகும்போது மூன்று கேள்வி கேள். இவர் போன வழி எது? இவர் காலில் தைத்த முள் எது? இவருக்குப் பின்னே நடந்தவர் யார்? மூன்றுக்கும் விடை இருந்தால், எழுது, பெரிதாக எழுது, மலையிலிருந்து பார்த்தாலும் தெரியும்படி எழுது! விடை இல்லையென்றால் வேறு நல்ல சொற்கள் தமிழிலே இல்லையா? 'உழைப்பாளர்' என்று எழுது. 'நண்பர்' என்று எழுது. 'தோழர்' என்று எழுது. அதைவிட உயர்ந்த பட்டம் நம் இயக்கத்தில் உண்டா? அல்லது, கான்சாபுரத்து மக்களைப் போல, வெறும் பெயரை மட்டும் எழுது. தகுதியிருந்தால் பெயரே நிற்கும்.

மிச்சப்படும் அந்தச் சொல்லைப் பத்திரமாக வை. யாருக்காக என்கிறாயா?

நாளை ஒரு சிற்றூரிலே, ஊரே மறித்து நிற்கும் தெருவில், ஓர் இளைஞனோ இளம்பெண்ணோ முதல் அடி எடுத்து வைக்கக்கூடும். கூட்டம் இராது, கொடி இராது, ஒலிபெருக்கி இராது. அவர்களுக்குக் கொடுப்பதற்கு நம்மிடம் அந்த ஒரு சொல்லாவது தேயாமல் இருக்க வேண்டும்.

அந்த அடியை எடுத்து வைப்பது நீயாகவே இருந்தால், தோழா, அப்போது உன் பெயருக்கு முன்னே அந்தச் சொல்லை எழுத, ஏணியும் பசை வாளியும் தூக்கிக்கொண்டு நானே வருவேன்!